கூரைக்குள் வைத்த டியூப் லைட்

எனக்கு எழுபத்தொன்பது வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. மூத்தவள் என் வீட்டுக்காரரின் தங்கை மகள். தாய் போனபோது அவளுக்கு நான்கு வயது. யாராவது "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டால் அஞ்சு என்றுதான் சொல்வேன். அதை நான் யோசித்துச் சொன்னதே இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதித் தருகிறோம் என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். மெதுவாக எழுதினாலும் என் கையால் எழுதினதாக இருக்கட்டும்.

அப்போது நாங்கள் கொடைக்கானலில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு விருந்தினர் விடுதி. என் வீட்டுக்காரருக்கு அங்கே தச்சு வேலை. எனக்குத் துணி வெளுத்து இஸ்திரி போடும் வேலை. நான் மடித்து வைத்த வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியாது. விடுதிக்குப் பின்னால் சரிவில் வேலையாட்களுக்கு ஐந்து வீடுகள் ஒரே வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எங்களுடையது கடைசி வீடு. கரண்ட் விடுதியிலிருந்து ஒரே கம்பியில் வரும். முதல் வீட்டில் தொடங்கி எங்களிடம் வந்து முடியும். வீட்டுக்கு ஒரு பல்புதான், அதுவும் நாற்பது வாட்டுக்கு மேல் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். அவர் வந்து பார்க்கிற நாளில் எல்லா வீட்டிலும் நாற்பது வாட் எரியும். அவர் தலை மறைந்ததும் மற்ற வீடுகளில் நூறு வாட் ஏறிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் என்றைக்கும் நாற்பதுதான். ஒருவர் கொடுத்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய என் வீட்டுக்காரருக்கு மனம் வராது, எனக்கும் வராது.

மூத்தவளுக்குச் சின்ன வயதில் தட்டம்மை கண்ணில் இறங்கிவிட்டது. பார்வை போகவில்லை. ஆனால் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தால் கண் கூசி, தண்ணீர் கொட்டும். மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். "வெளிச்சம் நல்லா வேணும். ஆனா விளக்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்றார். இந்த இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று கேட்க வாய் எடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுப் பல்பு நடு அறையில் தொங்கும். கூரை தாழ்வு, அதனால் உட்கார்ந்தால் நெற்றிக்கு நேரே இருக்கும். அவள் பல்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பாள். அப்படி உட்கார்ந்தால் அவள் நிழலே புத்தகத்தின் மேல் விழும். நிழலுக்குத் தப்பப் புத்தகத்தை அப்படியும் இப்படியும் நகர்த்துவாள். ஒரு நாள்கூட முடியவில்லை என்று சொன்னதில்லை. அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. தேறினால் டீச்சர் டிரெயினிங் போகலாம். தேறாவிட்டால் என்னோடு விரிப்பு அலசும் தொட்டிக்கு வர வேண்டியதுதான். அந்தத் தொட்டித் தண்ணீர் மார்கழியில் எப்படி இருக்கும் என்பது என் விரல்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் அவள் கை வைக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

அந்த வருடம் மழை முடிந்த சமயம் விடுதியில் வரவேற்பு ஹாலைப் புதுப்பித்தார்கள். பைன் பலகையில் சீலிங். பலகையில் வட்டவட்டமாக வெட்டி, வெட்டிய பள்ளத்துக்குள் விளக்கை வைத்தார்கள். வட்டம் வெட்டினது என் வீட்டுக்காரர். சாயங்காலம் நான் மேசை விரிப்பு கொண்டுபோனபோது ஹால் முழுக்க வெளிச்சம். விளக்கு எங்கே என்று தேடினேன். கண்ணில் படவில்லை. நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரிந்தது.

அவர் ஏணியில் நின்றபடியே கேட்டார். "என்ன, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?"

"ஏங்க, டாக்டர் சொன்னது இதுதானங்க?"

அவர் ஏணியை விட்டு இறங்கி, உளியைத் துடைத்துப் பையில் வைத்தார். "நம்ம வீட்டுச் சீலிங்கும் பலகைதான" என்றார்.

மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய் வந்ததும் வேலையைத் தொடங்கினார். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் புத்தகம் வைக்கும் பெட்டிக்கு மேலே பலகையில் ஒரு வட்டம். அதற்குள் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துப் பொருத்தி, ஹோல்டரை உள்ளே இறக்கி, அதே நாற்பது வாட் பல்பை மாட்டினார். பொழுது சாய்ந்ததும் ஏற்றினோம். வட்டமாக ஒரு வெளிச்சம் அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கவில்லை.

"அத்தை, பல்பே தெரியல" என்றாள்.

ஒரு தட்டுச் சோறு உண்ணும் நேரம் போயிருக்கும். வீடு முழுக்க ஒரு வாசனை. சாம்பிராணி போட்ட மாதிரி நன்றாகத்தான் இருந்தது. "எங்கயோ ஜெபம் நடக்குது" என்றார் இவர். நானும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சின்னவன்தான் மேலே கையைக் காட்டினான். பலகை இடுக்கில் நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது.

எங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை. குளிர் இறங்காமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் பைன் மரச் சருகை நிறைய அடைத்து வைத்திருப்போம். மழை விட்டதும் பிள்ளைகளோடு காட்டுக்குப் போய்ச் சாக்கில் வாரிக்கொண்டு வந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அடைப்போம். வரிசையில் ஐந்து வீடும் அப்படித்தான். காய்ந்த பைன் ஊசி எப்படிப் பற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் அடுப்பு மூட்டுவதே அதில்தான். அந்தச் சருகுக்கு நடுவில் சுடுகிற பல்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். அவர் டப்பாவைப் பிடுங்கி வெளியே எறிந்தார். நான் இஸ்திரிக்கு வைத்திருந்த தண்ணீரைப் பாத்திரத்தோடு மேலே வீசினேன். சருகு தீப்பிடிக்கவில்லை. ஓரம் கருகினதோடு போயிற்று. எல்லாரும் நனைந்து நின்றோம். மூத்தவள் மட்டும் புத்தகத்தைத் தாவணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடுதி வயர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயர்மேன் கருகின ஓட்டையைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சொன்னார். "குண்டு பல்பு குடிக்கிற கரண்டுல முக்காவாசி சூடாத்தாங்க்கா போகுது. கொஞ்சம்தான் வெளிச்சம். இதுக்கு டியூப் லைட்டுப் போடுங்க. அதே நாப்பது வாட்டுதான். வெளிச்சம் நாலு பங்கு வரும், சூடு அம்புட்டா இருக்காது. மேனேஜர் சட்டத்துக்கும் மீறினதில்ல."

அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அதே நாற்பது வாட்.

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லுக்குப் போய் டியூப்பும் அதை மாட்டும் பட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். டியூப்பை என் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் முழங்காலுக்கு நடுவில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறார். கண்டக்டர் வந்து, "அது யாருங்க, சேலை கட்டியிருக்கு?" என்று கேட்டாராம். டியூப் லைட் என்றதும், "நின்னுக்கிட்டுத்தான வருது. அரை டிக்கெட் போடவா?" என்றாராம். வளைவுக்கு வளைவு பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "பிடிங்க, பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்களாம். பெருமாள்மலை தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் தானே ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்த பிறகும் சேலையைப் பிரிக்கும் வரை அவர் உட்காரவில்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. சுவரோரமாகச் சீலிங்கில் நீளமாக ஒரு பள்ளம் எடுத்தார். அந்தப் பக்கம் இருந்த சருகை எல்லாம் வாரிவிட்டு, தடுப்புக்குத் தகரம் அடித்தார். தகரத்துக்கு வெள்ளை பெயின்ட். டியூப் அந்தப் பள்ளத்துக்குள் ஏறிவிட்டது. கீழே இருந்து பார்த்தால் தெரியாது. நான் அந்தச் சுவருக்கு மட்டும் இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தேன். பகலில் போட்டுப் பார்த்தோம். இரண்டு வெட்டு வெட்டி, பளிச்சென்று பிடித்தது. சுவரில் வெளிச்சம் பால்போல வழிந்தது. பட்டப்பகலில் என் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் போட்டால் பிடிக்கவில்லை.

இரண்டு முனையும் சிவந்து நிற்கும். ஒரு வெட்டு வெட்டும். அணைந்துபோகும். மறுபடி வெட்டும். ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்த்தார். டியூப்பை மெல்லத் தட்டிப் பார்த்தார். அந்த வெட்டு வெளிச்சம் அவளுக்குப் பல்பைவிடக் கொடுமையாக இருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். ஒரு வாரம் இப்படியே. அப்புறம் அவளே சிம்னி விளக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். "இதுவே போதும் அத்தை. நீங்க சிரமப்படாதீங்க" என்றாள். காலையில் பார்த்தால் கண் இரண்டும் புண்போலச் சிவந்திருக்கும்.

வயர்மேன் மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கம்பி மெலிசு, ஒங்க வீடு கடைசி. சாயங்காலம் வோல்டேஜ் படுத்துருது. அதுவும் பக்கத்து வீட்டுல சுருள் அடுப்பு போட்டா, ஒங்களுக்கு வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது. மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுப்பப் பிடுங்கிருவாரு."

"அந்தச் சோலி நம்மகிட்ட வேண்டாம்" என்றேன். இன்னொருத்தி வீட்டு அடுப்பைப் பிடுங்கி என் வீட்டில் விளக்கு ஏற்ற மாட்டேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். புருஷனும் அவளும் விடுதித் தோட்டத்தில் வேலை. அவர்கள் வந்த புதிதில் அவள் விறகு அடுப்புப் புகை நேரே என் கொடிக்கு வந்து, காயப்போட்ட விரிப்பெல்லாம் மங்கிவிட்டது. நான் சத்தம் போட்டேன். அவளும் நாலு வார்த்தை பேசினாள். அதோடு எங்களுக்குள் பேச்சு இல்லை. இரண்டு வருடம் அடுத்தடுத்த வாசலில் கோலமும் குப்பையுமாக இருந்தோம், முகம் பார்த்ததில்லை.

"நீ போய் அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார் இவர்.

"நானா?"

"பின்ன நானா போவேன்? சண்ட போட்டது நீதான."

நான் யாரிடமும் போய் நின்றதில்லை. பிறந்த வீட்டில் உப்புக்கூட இரவல் கேட்டதில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம், மூத்தவள் சிம்னி விளக்கின் திரியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். கண்ணில் வழிந்ததைத் தாவணி முனையில் ஒற்றிக்கொண்டே, வாய்க்குள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூடுபனி இறங்கியிருந்தது. அவள் கதவு திறந்துதான் இருந்தது. தரையில் சுருள் அடுப்பு செக்கச்செவேல் என்று எரிய, மேலே கல்லில் தேங்காய் ரொட்டி. நான் வாசலில் நின்றேன். "பனி சாஸ்தியா இருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"புள்ளைக்கு டியூப்பு பிடிக்கல்லையாக்கா?" என்றாள்.

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"வெட்டுறது எங்க சுவத்து இடுக்கு வழியா எனக்கும் தெரியுது. வந்து சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." சொல்லிக்கொண்டே ரொட்டி பாதி வெந்த நிலையிலேயே பிளக்கைப் பிடுங்கினாள். எழுந்துபோய் வீட்டு விளக்கையும் அணைத்தாள். "போய்ப் போட்டுப் பாருங்க."

நான் ஓடிவந்து சுவிட்சைப் போட்டேன். மூன்று வெட்டு வெட்டியது. பிடிக்கிற மாதிரி வந்து, விட்டுவிட்டது. அதற்குள் அவள் எங்கள் வாசலுக்கு வந்திருந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, தோட்டத்தில் ஆள் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"எல்லாரும் லைட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. புள்ளைக்குப் பரீட்சை."

முதல் வீட்டில் விடுதிச் சமையல்காரர். அங்கிருந்து அவர் சத்தம் வந்தது. "ஏம்மா, சோத்துல கை வச்சிருக்கேன்."

"வாய் எங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அணைங்க."

ஒவ்வொரு வீடாக இருட்டாயிற்று. வரிசை முழுக்க இருட்டு. பனிக்குள் யாரோ சிரித்தார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். ஒரு வெட்டு. இரண்டாவது வெட்டிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சுவர் மட்டும் வெள்ளையாக, அமைதியாக எரிந்தது. மூத்தவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். விளக்கு இருந்த பக்கம் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு சிம்னியை ஊதி அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

பிடித்த டியூப் பிடித்ததுதான். மற்ற வீடுகளில் மறுபடி ஏற்றியபோது கொஞ்சம் மங்கியது, ஆனால் விடவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் வாசல்வரை போனேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த அடுப்ப மேனேஜர் பாத்தாருன்னா சும்மா விடமாட்டாரு. பாத்து வச்சுக்க" என்றேன்.

"தெரியும். ஒங்க வெள்ளைத் துணியில புகை படுதுன்னுதானேக்கா விறகடுப்ப விட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, பனி விழுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு தட்டில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வைத்து நகர்த்தினாள். ஒரு பக்கம் வேகாத ரொட்டி. முழுக்கத் தின்றேன்.

மறுநாளிலிருந்து அது எங்கள் வரிசையின் வழக்கமாகிவிட்டது. பொழுது சாயும்போது நான் வாசலில் வந்து நிற்பேன். கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் முதலில் அணையும், பிறகு வரிசையாக மற்றவை. சமையல்காரர் மட்டும் ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்வார். "கலெக்டர் படிக்கிறாங்கப்பா, இருட்டுல இருங்க" என்பார். "டீச்சரம்மா, பாஸானா எனக்கு ஒரு டார்ச்சு வாங்கித் தரணும்" என்பார். சொல்லிக்கொண்டே அணைப்பார். எங்கள் சுவர் வெளுத்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "பிடிச்சிருச்சு" என்று குரல் கொடுப்பாள். அப்புறம்தான் ஒவ்வொருவரும் ஏற்றுவார்கள். விருந்தினர் நிறைந்து விடுதியே கரண்டை உறிஞ்சிய நாட்களில் இரண்டு தரம்கூட அணைத்தார்கள். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நானும் அந்தக் கொடியை அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து மேட்டுக்கு மாற்றிக் கட்டினேன். அதற்குப் பிறகு எந்த அடுப்பு வேண்டுமானாலும் அவள் பற்றவைக்கலாம். ஆனால் அவள் சுருள் அடுப்புக்குப் பழகிவிட்டாள்.

மூத்தவள் தேறினாள். வரிசையில் இருந்த எல்லாரும் அவரவர் வீட்டுப் பிள்ளை தேறினதுபோல ஊருக்குச் சொன்னார்கள். திண்டுக்கல்லில் டிரெயினிங் பள்ளியில் இடம் கிடைத்தது. வெள்ளனே முதல் பஸ்ஸில் அவள் மாமா, என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். துணிப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்தாள். என் விரல்கள் சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "வாரேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சின்னவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, விளக்கு ஏற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். யாருக்கு ஏற்றுவது என்று தோன்றியது. சின்னவர்கள் முன் அறையில் சிம்னி வெளிச்சத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஆனதும் பக்கத்து வீடு அணைந்தது. பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்தது. கடைசியாகச் சமையல்காரர் வீடும். மூத்தவள் ஊருக்குப் போய்விட்டது எல்லாருக்கும் தெரியும், காலையில் வழியனுப்ப வந்து நின்றவர்கள்தான். கை பழகிவிட்டது போல. வரிசை முழுக்க இருட்டில் இருந்தது. யாரும் மறுபடி ஏற்றவில்லை. எங்கள் சுவர் வெளுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அன்றைக்குச் சமையல்காரர்கூட ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து மெல்லக் குரல் வந்தது. "அக்கா, போடல்லையா?"

நான் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டேன். முதல் வெட்டிலேயே பிடித்துக்கொண்டது. மூத்தவள் உட்காரும் இடம், புத்தகப் பெட்டி, சுவரில் அவள் தலை சாய்ந்து எண்ணெய் ஏறின இடம், எல்லாம் தெரிந்தது.

"பிடிச்சிருச்சு" என்றேன். அன்றைக்கு நான்தான் சொன்னேன்.

மூத்தவளின் மகள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். தாளை அவளிடம் கொடுக்கிறேன். "இந்தா, ஆரம்பத்துலருந்து வாசி. வெரசா வாசிக்காத. ஒங்கம்மா வர்ற எடத்துல சத்தமா வாசி."